அடைப்புக்குறி போடாத அழைப்பு

கணினி நாம் சொன்னதை மட்டும்தான் செய்யும், தானாக எதையும் செய்யாது என்பார்கள். உண்மைதான். ஆனால் நாம் என்ன சொன்னோம் என்பது பல சமயங்களில் அதற்கு மட்டும்தான் தெரியும், நமக்குத் தெரியாது. என் விஷயத்தில் அது அக்கா கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டு ஹாலில், சம்பந்தி வீட்டார் முன்னிலையில் தெரியவந்தது.

அப்போது நான் படிப்பை முடித்துவிட்டு குரோம்பேட்டையில் ராபர்ட் சாரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மருந்துக்கடைக்கு மேலே ஒற்றை அறை ஆபீஸ். பள்ளிக்கூடங்களுக்காக ஒரு மென்பொருள் வைத்திருந்தார். "உங்கள் பிள்ளை இன்று பள்ளிக்கு வரவில்லை" என்று பெற்றோருக்குத் தானாகவே போன் செய்து, பதிவு செய்த குரலில் சொல்லும். அதைச் சார் தன் இளம் வயதில், பாஸ்கல் வம்சத்தைச் சேர்ந்த ஒரு பழைய கணினி மொழியில் எழுதியிருந்தார். நானோ கல்லூரியில் புத்தம் புது மொழி படித்தவன். முதல் நாளே, "சார், இதை இப்ப யாரும் எழுதறதில்லையே" என்றேன்.

"ஓடுதா இல்லையா?" என்று கேட்டார்.

"ஓடுது சார்."

"அப்ப ஓட்டு."

(அவர் மேற்கொண்டு சொன்ன சில எச்சரிக்கைகளுக்கும் நான் தலையாட்டினேன். தலை ஆடியதே தவிர, காது திறந்திருந்ததாக ஞாபகம் இல்லை.)

வீட்டில் யாருக்கும் என் வேலை புரியவில்லை. ஓய்வு பெற்று வீட்டிலிருந்த அப்பா ஒருநாள் நேரடியாகவே கேட்டார்.

"நீ ஆபீஸ்ல அப்படி என்னதான்டா பண்றே?"

"ஃபங்ஷன் எழுதுவேன்பா. அப்புறம் அந்த ஃபங்ஷனை கால் பண்ணுவேன்."

அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "நம்ம வீட்லயும் ஃபங்ஷன்தான் வருது. நானும் எல்லாருக்கும் கால்தான் பண்ணணும். இதுக்கா இன்ஜினியரிங்?"

நான் விளக்க முயன்றேன். ஃபங்ஷன் என்றால் விசேஷம் இல்லை. ஒரு வேலையைத் தனியாக எழுதி அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவது. தேவைப்படும்போது அந்தப் பெயரைச் சொல்லி அதை அழைப்பது. அப்பா கடைசி வரை கேட்டுவிட்டு, "அப்ப அந்த அழைக்கிற வேலையை உன் மெஷினையே பண்ணச் சொல்லேன். எனக்கு விரல் வலி மிச்சம்" என்றார்.

நேரில் போய்ப் பத்திரிகை வைத்தாகிவிட்டது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஒரு முறை ஞாபகப்படுத்தினால்தான் மரியாதை என்பது அப்பாவின் கொள்கை. ராபர்ட் சாரிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மெஷின் சும்மாதானே இருக்கும், பயன்படுத்திக்கொள் என்றார்.

அப்பாவின் குரலைப் படுக்கையறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்தேன். எதிரே ஆள் இல்லாமல் அவருக்குப் பேச வரவில்லை. அதனால் மேடவாக்கத்துப் பெரியப்பா எதிரில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு பேசினார். இந்தப் பெரியப்பா, மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அண்ணன். பெயர் ஏழுமலை. மாப்பிள்ளை பெரியப்பா என்றதால் நாங்களும் பெரியப்பா என்றோம். மேடவாக்கம் கிராமமாக இருந்த காலத்திலிருந்து நிலம் வைத்திருக்கும் குடும்பம். இப்போது அந்த நிலத்தில் அடுக்குமாடி வீடுகள் நின்றாலும், குடும்பத்தில் எந்த முடிவும் அவர் தலையசைத்தால்தான் நடக்கும். ஒரு நிச்சயதார்த்தத்தில் தனக்கு முன்னால் வேறொருவருக்குச் சந்தனம் நீட்டிவிட்டார்கள் என்று எழுந்து போனவர். அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றுவிட்டது என்று தரகர் எங்களிடம் முதலிலேயே சொல்லி வைத்திருந்தார்.

"வணக்கம். நான் அஸ்தினாபுரம் சுந்தரமூர்த்தி பேசறேன். நல்லா இருக்கீங்களா?" என்று சொல்லிவிட்டு அப்பா நிறுத்தினார்.

"நிறுத்தாம பேசுங்கப்பா. இது ரெக்கார்டிங்தான்."

"நல்லா இருக்கீங்களான்னு கேட்டா அவங்க பதில் சொல்ல வேண்டாமா? அதுக்கு இடம் விடறதுதான்டா மரியாதை."

இன்னொரு முறை முதலிலிருந்து ஆரம்பித்து, அதே இடத்தில் அதே போல் நிறுத்தினார். நானும் விட்டுவிட்டேன்.

அடுத்து நிரல், அதாவது புரோகிராம். 'அழை' என்று ஒரு ஃபங்ஷன் எழுதினேன். வேலை எளிதுதான். பட்டியலில் இருக்கும் எண்ணுக்கு போன் போடு, பேச்சைக் கேட்கவிடு. முழுவதும் கேட்டார்களென்றால் அடுத்தவரிடம் போ. பாதியில் துண்டித்துவிட்டால் அதை ஒரு கணக்கில் ஏற்றிக்கொண்டு, அப்போதும் அடுத்தவரிடம் போ. எத்தனை பேர் துண்டித்தார்கள் என்று பிறகு பார்த்துக்கொள்வதாகத் திட்டம். அந்தக் கணக்குக்கும் ஃபங்ஷனின் பெயரையே வைத்தேன். அதில் ஒன்றைக் கூட்ட நான் எழுதிய வரியைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

அழை := அழை + 1

நான் படித்த மொழியில் ஒரு ஃபங்ஷனை அழைக்க வேண்டுமென்றால் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட வேண்டும். உள்ளே வைக்க ஒன்றுமில்லை என்றாலும் வெறும் அடைப்புக்குறியையாவது போட்டாக வேண்டும். போடாவிட்டால் அது எழுந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா என் பெயரைச் சொன்னால் நான் எப்படிப் படுத்திருப்பேனோ, அப்படியே கிடக்கும். ஆகவே அடைப்புக்குறி இல்லாத 'அழை' என்பது வெறும் எண்ணிக்கைதான் என்று நம்பினேன். "சோதனை, சோதனை" என்று என் குரலிலேயே பேசி வைத்து, என் போனுக்கே அழைத்து, ஒழுங்காக முழுவதும் கேட்டேன். வேலை செய்தது. பாதியில் துண்டித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. என் குரலை யார் துண்டிப்பார்கள்?

சனிக்கிழமை அப்பாவின் பதிவை உள்ளே ஏற்றி, மறுநாள் காலை பத்து மணிக்குத் தானாகத் தொடங்கும்படி செய்துவிட்டு, ஆபீசைப் பூட்டிச் சாவியைச் சாரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அப்பாவின் உத்தரவுப்படி பட்டியலில் முதல் பெயர் ஏழுமலை பெரியப்பா.

ஞாயிறு காலை மேடவாக்கத்தில் நடந்ததைப் பெரியம்மா சொல்லித்தான் பிறகு தெரிந்துகொண்டோம். போன் வந்திருக்கிறது. பெரியப்பா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். அப்பா நலம் விசாரித்துவிட்டு நிறுத்த, "நல்லா கீறேன் சம்பந்தி, நீங்க எப்டி கீறீங்க?" என்று இவர் கேட்டிருக்கிறார். அப்பா அதற்குப் பதில் சொல்லாமல், கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வர வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டார். "அதான் வரப்போறமே. சமையலுக்கு யாரைச் சொல்லிகீறீங்க?" என்றார் இவர். அதற்கும் பதிலில்லை. லைன் சரியில்லை போல என்று துண்டித்துவிட்டார்.

உடனே மறுபடி போன். "வணக்கம். நான் அஸ்தினாபுரம் சுந்தரமூர்த்தி பேசறேன். நல்லா இருக்கீங்களா?"

"இப்பதானே சொன்னேன்" என்று துண்டித்தார். மறுபடி வந்தது. துண்டித்தார். மறுபடியும் வந்தது.

வேறு யாராவதாக இருந்தால் கோபப்பட்டிருப்பார்கள். பெரியப்பாவும் கொஞ்ச நேரம் கோபப்பட்டார். ஆனால் எத்தனை முறை திட்டினாலும் எதிர்முனையில் அதே பணிவோடு "நல்லா இருக்கீங்களா?" என்று வரவே, கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது. எண்ணும் புது எண்ணாக இருந்தது. அப்பாவின் சொந்த எண்ணுக்குப் போட்டால் யாரும் எடுக்கவில்லை.

"மனுஷனுக்கு இன்னாமோ ஆயிட்ச்சி. சொன்னதையே சொல்லிகினு கீறாரு" என்று தம்பிக்கு, அதாவது மாப்பிள்ளையின் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார். மூளையில் அடைப்பாக இருக்கலாம் என்றார் அவர். மாப்பிள்ளையின் அம்மா வேறொன்றைக் கேட்டார். மூளை சம்பந்தப்பட்டதெல்லாம் பரம்பரையாக வருமா? எல்லோரும் வேனில் ஏறினார்கள். மருத்துவத்துக்கு ஆள் வேண்டுமே என்று பெரியப்பாவின் மருமகனையும் ஏற்றிக்கொண்டார்கள். அவர் பிசியோதெரபி படித்தவர். அந்தக் குடும்பத்தில் டாக்டருக்கு மிக நெருக்கத்தில் வந்தவர் அவர்தான்.

எங்கள் வீட்டில் அப்போது அம்மாவும் அக்காவும் ரவிக்கை வாங்க டெய்லரிடம் போயிருந்தார்கள். அப்பா போனைச் சார்ஜில் போட்டுவிட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் சாதனையாளனின் தூக்கத்தில் இருந்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால், வாசலில் ஒரு வேன் நிறைய சம்பந்திகள்.

"அப்பா எங்கப்பா?" என்றார் பெரியப்பா. அவர் அவ்வளவு மென்மையாகப் பேசி நான் கேட்டதில்லை.

தூக்கக் கலக்கத்தில், "அப்பா மேல போயிட்டார்" என்றேன்.

பெரியம்மா செருப்பு ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டார். "எப்ப?"

"காலைலயே. காபி குடிச்சதும்."

மாப்பிள்ளையின் அப்பா என் தோளில் கை வைத்தார். எதற்கு வைக்கிறார் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது பெரியப்பாவின் போன் ஒலித்தது. எடுத்தார். "வணக்கம். நான் அஸ்தினாபுரம் சுந்தரமூர்த்தி பேசறேன். நல்லா இருக்கீங்களா?" என்றது போன். அவர் போனைக் கீழே போட்டேவிட்டார். விழுந்த வேகத்தில் அழைப்பும் துண்டித்துப் போனது.

அந்த நேரத்தில் பக்கவாட்டு மாடிப்படியில் ஈர லுங்கியும் கையில் வாளியுமாக அப்பா இறங்கி வந்தார். "வாங்க, வாங்க. என்ன எல்லாரும் வெளியவே நிக்கறீங்க?"

அடுத்த சில நிமிடங்களை நான் வரிசையாகச் சொல்ல வேண்டும். மருமகன்தான் முதலில் சுதாரித்தார். அப்பாவை ஹாலில் நாற்காலியில் உட்கார வைத்து, "மாமா, ரெண்டு கையையும் மேல தூக்குங்க" என்றார். அப்பா தூக்கினார். சம்பந்தி வீட்டு வழக்கம் ஏதோ என்று நினைத்திருக்க வேண்டும். "கொஞ்சம் சிரிங்க." சிரித்தார். "நாக்கை நீட்டுங்க." அதற்கு மட்டும் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு நீட்டினார்.

நாக்கு வெளியில் இருந்தபோதே பெரியப்பாவின் போனில் அப்பாவின் குரல் மறுபடி நலம் விசாரித்தது.

எல்லோரும் போனைப் பார்த்தார்கள். பிறகு அப்பாவின் நாக்கைப் பார்த்தார்கள். பெரியப்பா வழக்கம்போலத் துண்டித்துவிட்டு, "இவரு இங்க கீறாரு. அப்ப அது யாரு?" என்றார்.

அப்பா நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு என் பெயரைச் சொன்னார். பெயரை மட்டும்தான் சொன்னார். நான் உள்ளே ஓடிப்போய் ராபர்ட் சாருக்குப் போன் செய்தேன். சொந்தக்காரர் குழந்தையின் ஞானஸ்நானத்துக்காக வேலூரில் இருந்தார். ஆபீஸ் சாவி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

"என்ன எழுதின? படிச்சுக் காட்டு" என்றார்.

அந்த வரியைச் சொன்னேன். எதிர்முனையில் ஆராதனைப் பாடல் கேட்டுக்கொண்டிருந்தது.

"வலது பக்கம் 'அழை'ன்னு எழுதியிருக்கியே, அது எதுக்கு?"

"அது வெறும் எண்ணிக்கை சார். கூப்பிடக் கூடாதுன்னுதான் பிராக்கெட் போடல."

"தம்பி, அது உன் மொழி. இதுல எதுவும் உள்ள அனுப்பாத ஃபங்ஷனுக்குப் பிராக்கெட்டே வேண்டாம். பேரைச் சொன்னாலே கூப்பிட்ட மாதிரி. இடது பக்கம் எழுதினா விடையை வெச்சுக்கும். வலது பக்கம் எழுதினா எழுந்து போய் வேலையைச் செய்யும். அவர் கட் பண்ணதும் கணக்கு ஏத்தணும்னு அந்த வரிக்கு வருது. வந்து, தன்னையே திரும்பக் கூப்பிடுது. திரும்ப அவருக்கே போன் போகுது."

"எப்ப சார் நிக்கும்?"

"அவர் கட் பண்ணாம முழுசா கேட்டா அந்த வரிக்கு வேலை இல்ல. தானா அடுத்த ஆளுக்குப் போயிடும். கொஞ்சம் பொறுமையா கேக்கச் சொல்லு." பாடல் முடிந்துவிட்டது போல. அவரும் வைத்துவிட்டார்.

ஹாலுக்கு வந்தேன். ஒரு தவறு நடந்துவிட்டது என்றும், பேசுவது மெஷின் என்றும், பெரியப்பா ஒரே ஒரு முறை துண்டிக்காமல் கடைசி வரை கேட்டால் நின்றுவிடும் என்றும் சொன்னேன்.

"அவ்ளோதானா?" என்றார் பெரியப்பா. அப்பாவுக்கு ஒன்றும் இல்லை என்றதும் அவருக்கு உயிர் வந்திருந்தது. கோபம் இன்னும் வந்து சேரவில்லை. "வரட்டும். கேப்போம்."

வந்தது. போனை டீப்பாயின் நடுவில் வைத்தார். யாரும் சொல்லாமலே எல்லோரும் எழுந்து நின்றார்கள். கைகளைக் கட்டிக்கொண்டு, தேசிய கீதத்துக்கு நிற்பது போல. அப்பாவின் குரல் நலம் விசாரித்தது, பதிலுக்கு இடம் விட்டது, மண்டபத்தின் வழி சொன்னது, முகூர்த்த நேரம் சொன்னது, குடும்பத்தோடு வந்து நடத்திக் கொடுக்க வேண்டும் என்றது. பெரியப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "மரியாதையாத்தான் பேசிகீறீங்க" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். "நன்றி, வணக்கம்" என்றது போன்.

அத்தோடு முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். முடியவில்லை. அந்தப் பதிவின் வால் பகுதியை நான் வெட்டவில்லை என்பது எனக்கு அந்த விநாடியில்தான் உறைத்தது.

"போதுமாடா? நிறுத்திட்டியா?" என்றது அப்பாவின் குரல், இப்போது மிகவும் இயல்பாக. "இதை மொதல்ல அந்த மேடவாக்கத்துப் பெரியவருக்குப் போட்டுடு. லேட்டாச்சுன்னா மனுஷன் மூஞ்சியை உரல் மாதிரி வெச்சுக்குவாரு. அப்புறம் மண்டபம் முழுக்க அந்த மூஞ்சியை நாமதான் பாத்துக்கிட்டு இருக்கணும்."

அதைத் தொடர்ந்து ஒரு சிரிப்பு. அது என்னுடையது.

போன் தானாக நின்றது. ராபர்ட் சார் சொன்னது சரிதான்.

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அக்காவின் கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். அம்மாவும் அக்காவும் டெய்லரிடமிருந்து ரவிக்கைகளோடு வந்து வாசலில் நின்றது அப்போதுதான். ஹாலில் இத்தனை பேர் வாய் பேசாமல் நிற்பதைக் கண்டு அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. அந்த முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இந்தக் கதையில் எனக்குச் சிரிப்பு வராத இடம் அது ஒன்றுதான்.

பெரியப்பா மெதுவாகப் பெரியம்மா பக்கம் திரும்பினார். "என் மூஞ்சி உரல் மாதிரியா கீது?"

பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்தேன். "இத்தினி வருசமா நான் சொன்னா ஒத்துக்கினியா? இப்ப வெளி ஆளே சொல்லிட்டாரு" என்றார்.

மாப்பிள்ளையின் அப்பா இருமினார். அது இருமல் இல்லை. மருமகன் ஏதோ வேலை இருப்பது போல வெளியே போய் வேனுக்குப் பின்னால் நின்றுகொண்டார். பெரியப்பா என்ன முடிவெடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பட்டியலில் இரண்டாவதாக இருந்த மாப்பிள்ளையின் அப்பாவின் போன் ஒலித்தது.

"கட் பண்ணிடாதீங்க மாமா" என்றேன். வேறு வழியில்லை.

அவரும் டீப்பாயில் வைத்தார். எல்லோரும் மறுபடி நின்று, வணக்கத்திலிருந்து உரல் வரைக்கும் கேட்டார்கள். அது முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு வந்தது. பிறகு மருமகனுக்கு. சம்பந்தி வீட்டாரைத்தான் பட்டியலில் முதலில் போட்டிருந்தேன், மரியாதைக்காக. மூன்றாவது முறை உரல் வந்தபோது பெரியப்பாவே அந்த வார்த்தைக்கு ஒரு நொடி முன்னால் விரலை உயர்த்தி, "இப்ப வரும் பாரு" என்றார். சொல்லிவிட்டு அவரும் சிரித்துவிட்டார். அம்மா காபி போட உள்ளே போனார். அக்கா அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

மெஷினை நிறுத்தத்தான் வழியில்லையே. அன்று சாயங்காலத்துக்குள் தாம்பரம், பீர்க்கன்கரணை, பல்லாவரம் என்று இரண்டு குடும்பத்துச் சொந்தக்காரர்களும் அந்தப் பேச்சைக் கேட்டு முடித்துவிட்டார்கள். பாதியில் துண்டித்தவர்களுக்கு அது மறுபடி மறுபடி போய், எப்படியும் கேட்க வைத்துவிட்டது. ஒருவரையும் விடவில்லை. அந்த வகையில் நான் எழுதியதிலேயே மிகவும் கடமை தவறாத நிரல் அதுதான்.

திங்கட்கிழமை ராபர்ட் சார் எண்ணிக்கைக்குத் தனியாக வேறொரு பெயர் வைத்து அந்த வரியைத் திருத்தினார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. பள்ளிக்கூட மென்பொருளை மட்டும் கொஞ்ச காலம் என் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தார். (அன்றிலிருந்து எனக்கு அடைப்புக்குறிகள் மேல் தனி மரியாதை. தேவை இருக்கிறதோ இல்லையோ, போட்டுவிடுவேன்.)

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மண்டபத்தில் வந்தவர்கள் எல்லோரும் மணமக்களைப் பார்த்த கையோடு பெரியப்பாவின் முகத்தையும் பார்க்க வந்தார்கள். அதனால் அவர் காலையிலிருந்து பந்தி முடியும் வரை சிரித்தபடியே இருக்க வேண்டியதாயிற்று. ஆல்பத்தில் மணமகளைவிட அவர்தான் அதிகம் சிரிக்கிறார்.

சில வருடங்கள் கழித்து எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மேடவாக்கத்துக்கு நேரில் போய்த் தட்டில் பத்திரிகை, பழம், வெற்றிலை பாக்கு வைத்து நீட்டி, முறையாக அழைத்தேன். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். நான் முடித்த பிறகும் தட்டை வாங்கவில்லை.

"அவ்ளோதானா?" என்றார்.

"அவ்வளவுதான் பெரியப்பா."

"வணக்கத்துக்கு அப்பால ஒண்ணு வருமே. அதையும் சொல்லு."

பெரியம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். கூட வந்திருந்த அப்பா எனக்கு உதவுவதாக இல்லை. மண்டபத்து விளக்கு அலங்காரத்தை யாரிடம் கொடுத்திருக்கிறோம் என்று அங்கே வந்திருந்த அக்காவின் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பெரியப்பாவின் எதிரில் நின்று, அவர் முகத்தைப் பார்த்தே, உரல் வரைக்கும் சொன்னேன். சொல்லி முடித்ததும்தான் அவர் தட்டில் கை வைத்தார்.

இப்போது எங்கள் குடும்பத்தில் யார் வீட்டு விசேஷமாக இருந்தாலும் மேடவாக்கத்துக்குப் பத்திரிகை வைக்கப் போகிறவர்கள் அதையும் சொல்லியாக வேண்டும். புதிதாக வந்த மருமகள்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அவர்களுக்குப் பதிலாக என்னை அழைத்துப் போகிறார்கள்.